‘கோ அவே’ சொன்ன மாமியார்

தம்பி,

நீ போனை வைத்த பிறகும் நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன். எதிரே ஆள் இல்லை என்று தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. “ரினிய நீ கோ அவேன்னு சொன்னியாம்மா?” என்று கேட்டாய். “ஆமா, சொன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன்” என்றேன். அவ்வளவுதான், கட் பண்ணிவிட்டாய். அதற்குப் பிறகு எத்தனை தடவை கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. உன் கோபம் எனக்குப் புதிதில்லை. என்னிடமிருந்து போனதுதானே அது. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று சொன்னாயே, பிள்ளை பிறந்த பிறகு ரினி ஆலங்குடிப் பக்கமே வரமாட்டாளாம், அவள் அம்மா வீட்டிலிருந்து நேராக உன்னிடம் வளைகுடாவுக்கு வந்துவிடுவாளாம் என்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

போனில் விளக்கம் சொல்லலாம் என்றால் நீ கொடுக்கிறது கொஞ்ச நேரம், அதில் பாதியை உன் அப்பா பிடுங்கிக்கொள்வார். அதனால்தான் எழுதுகிறேன். இதில் ஒளித்துவைக்க ஒன்றுமில்லை. மருமகளை நான் விரட்டிவிட்டேன் என்று தெருவில் ஏற்கனவே ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நீ இதை உன் ரூமில் இருக்கிற பிள்ளைகளுக்கும் உரக்கப் படித்துக் காட்டு. அவர்களுக்கும் ஊரில் அம்மா இருப்பாள். நாளைக்கு அவர்களும் எந்த மொழிக்காரியையாவது கூட்டிக்கொண்டு வந்து, “அம்மா, இவதான்” என்று வாசலில் நிறுத்துவார்கள்.

நீ நிறுத்தினாய். நர்ஸ் வேலை பார்க்கிற பெண், மிசோரம் மலை, பெயர் ரினி என்றாய். எனக்கு மிசோரம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. தெருவில் எல்லோரும் அவள் பெயரை ராணி ஆக்கிவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு அவள் பாஷை தெரியாது, இரண்டுக்கும் நடுவில் நீ உட்கார்ந்துகொண்டு இங்கிட்டு ஒன்று அங்கிட்டு ஒன்று மாற்றிச் சொன்னாய். சாதத்தில் ரசத்தை ஊற்றாமல் தனியாகக் குடித்தாள் என்று நான் ஒரு நாள் முணுமுணுத்தேன். நீ அவளிடம் என்னவோ சொன்னாய், அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்து ‘தேங்க் யூ’ என்றாள். நான் முணுமுணுத்ததற்கு எந்த ஊரில் நன்றி சொல்வார்கள்? நீ நல்லெண்ணத்தில்தான் செய்தாய், தெரியும். ஆனால் நீ லீவு முடிந்து விமானம் ஏறிய அன்றைக்கு எங்களுக்குள் இருந்த பேச்சு மொத்தமும் உன்னோடு போய்விட்டது. வாந்தியும் மயக்கமும் தாங்காமல் வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் நானும் சமையலறையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

உன் அப்பாவுக்கு ஒரு சிக்கலும் இல்லை. அவருக்கு இங்கிலீஷ் சுத்தமாக வராது. காலையில் “சாப்டியாத்தா?” என்பார், அவள் தலையாட்டுவாள். தோப்பிலிருந்து வந்ததும் ஒரு இளநீரைச் சீவி நீட்டுவார், அவள் வாங்கிக் குடிப்பாள். பொழுது போய்விடும். எனக்கு அது போதவில்லை. என் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள், அவள் முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியாது. பத்தாம் வகுப்பில் விட்ட இங்கிலீஷை இந்த வயதில் மறுபடி பிடித்தேன். போன் வீடியோவில் ஒரு வாத்தியார் பாடம் நடத்துகிறார். சட்டையை இன் பண்ணிக்கொண்டு, கையில் ஒரு குச்சியோடு வருவார். அடுப்பில் குழம்பு கொதிக்கிற நேரத்தில் எனக்கு அவர்தான் துணை.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. நம் பாஷையில் ஒவ்வொரு நடமாட்டத்துக்கும் தனித்தனி ஆள் உண்டு. ஏறு, இறங்கு, நுழை, கிளம்பு, திரும்பு. அவரவர் வேலையை அவரவர் பார்த்துக்கொள்வார்கள். இங்கிலீஷில் அப்படி இல்லை. ‘கெட்’, ‘கோ’, ‘கம்’, ‘ரன்’ என்று கைப்பிடி அளவு சொற்கள்தான். பின்னால் இன், அவுட், ஆன், ஆஃப் என்று ஒரு பொடிச் சொல் வந்து ஒட்டிக்கொண்டால் அர்த்தமே மாறிவிடுகிறது. மாவு ஒன்றுதான், கல்லில் ஊற்றினால் தோசை, குழியில் ஊற்றினால் பணியாரம். பெரிய சொல்லைப் படித்துவிட்டு மார்தட்டக் கூடாது, அந்தப் பொடிச் சொல்தான் ஆளைக் கவிழ்க்கும் என்று வாத்தியாரே சொன்னார். நான்தான் சரியாகக் கேட்கவில்லை.

புதுக்கோட்டைக்கு ஸ்கேன் எடுக்கப் போன நாளில், பஸ் வந்து நின்றதும் “ரினி, கெட் இன், கெட் இன்” என்றேன். அவள் ஏறாமல் நின்று, “அத்தை, பஸ் இஸ் கெட் ஆன். கார் இஸ் கெட் இன்” என்றாள். அது ஏன் அப்படி என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஆன் என்றால் மேலே, நாம் என்ன கூரையிலா உட்காரப் போகிறோம்? அவள் முதுகை வளைத்துக் குனிந்து காண்பித்து “இன்” என்றாள். நிமிர்ந்து நாலு எட்டு நடந்து காண்பித்து “ஆன்” என்றாள். குனிந்து நுழைகிற வண்டிக்கு இன், நிமிர்ந்து நடக்கிற வண்டிக்கு ஆன். சொன்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கேட்ட நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கண்டக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஏம்மா, ஏறிட்டுப் பேசுங்கம்மா! உள்ள போங்க, உள்ள போங்க” என்று கத்தினார். உள்ளே போனால் நிமிர இடமில்லை, யாரோ ஒருவருடைய வாழைத்தார் என் தலைக்கு மேலே ஆடுகிறது. “ரினி, திஸ் பஸ் இஸ் கெட் இன்” என்றேன். அந்தப் பெண் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். நம் வீட்டுக்கு வந்து அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு எங்களுக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது. அவளுக்கு நான் ஏறு, இறங்கு சொல்லிக் கொடுத்தேன். அவர்கள் ஊர் மலை ஊர், அங்கேயும் மேலே போவதற்கு ஒரு சொல், கீழே போவதற்கு ஒரு சொல் உண்டாம். ஆக, எங்கள் இரண்டு பாஷையும் ஒரு கட்சி, இங்கிலீஷ் மட்டும் தனிக் கட்சி. அவள் அந்த இரண்டு சொல்லையும் வைத்துக்கொண்டே ஊரைச் சுற்றி வந்தாள். தக்காளிக்காரரிடம் “வெலை ஏறிச்சா?” என்பாள். உன் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியில் கை வைத்துப் பார்த்து, “எறங்கிச்சு” என்றாள். அவருக்குப் பாதிக் காய்ச்சல் அந்தச் சொல்லிலேயே இறங்கியிருக்கும்.

ஒரு நாள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, “சுகர் ஹாஸ் ரன் அவுட்” என்றாள். சீனி எந்தப் பக்கம் ஓடிற்று என்று கேட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், நாமும்தான் சீனி தீர்ந்து போச்சு என்கிறோம். அவர்களுக்கு ஓடுகிறது, நமக்கு நடந்து போகிறது. பால் கெட்டுப் போனால் ‘கோ ஆஃப்’. கரண்ட் போய் விளக்கு அணைந்தாலும் ‘கோ ஆஃப்’. சரி, ஆஃப் என்றால் முடிந்தது என்று மனதில் குறித்துக்கொண்டேன். ஒரு காலையில், “அத்தை, அலாரம் வென்ட் ஆஃப்” என்றாள். பாவம், கெட்டுவிட்டது போல என்று அந்தக் கடிகாரத்தைப் பையில் போட்டு, கடைவீதியில் ரிப்பேருக்குக் கொடுக்க எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பையில் இருந்தபடியே அது பஸ்ஸில் அலறியது. அலாரத்துக்கு மட்டும் ‘கோ ஆஃப்’ என்றால் அடிக்கிறது என்று அர்த்தமாம். இதற்கு என்ன நியாயம் என்று அவளிடம் கேட்டேன். “நோ நியாயம், அத்தை” என்றாள்.

உனக்கு இதெல்லாம் தெரியாது. நீ கூப்பிடும்போதெல்லாம் “எப்படி இருக்கீங்க?” என்பாய், “நல்லா இருக்கோம்” என்போம். ஆனால் நாங்கள் நல்லாத்தான் இருந்தோம் தம்பி. அதை நீ நம்ப வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

இப்போது நடந்ததைக் கேள். வளைகாப்பு முடிந்த மறுநாள், கையில் கண்ணாடி வளையல் குலுங்க அவள் வந்து அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றாள். “அத்தை, ஷுட் ஐ ஸ்டே ஹியர், ஆர் கோ டு மை மதர்?” என்று கேட்டாள். ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே பாதி புத்தி போய்விட்டது. இங்கே இருக்கட்டுமா, அம்மா வீட்டுக்குப் போகட்டுமா என்று பிள்ளை கேட்கிறது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? இங்கேயே இரு என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. அவள் கேட்ட விதத்தில் அதைத்தான் எதிர்பார்த்தாளோ என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அந்த மலையில் ஒரு அம்மா கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாளே, அவள் இடத்தை நான் பிடுங்கலாமா? தாராளமாகப் போயிட்டு வா என்று சொல்ல நினைத்தேன்.

இங்கேதான் வாத்தியார் என்னைக் கவிழ்த்தார். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் பாடத்தில் சொல்லியிருந்தார்: தமிழ் ஆட்கள் போயிட்டு வாரேன் என்பதை அப்படியே ‘கோ அண்ட் கம்’ என்று சொல்கிறார்கள், தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள், கேட்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று. படித்த பெண் முன்னால் தப்பாகப் பேசக் கூடாது என்று அந்த ‘கம்’மை நான் வெட்டி எறிந்துவிட்டேன். மீதி இருந்தது வெறும் ‘கோ’. நம் வாயில் யாரையாவது வெறுமனே போ என்று சொல்வோமா? சாவு வீட்டிலும் சண்டையிலும் தவிர அந்தச் சொல் தனியாக வராது. அது எனக்கே மொட்டையாகப் பட்டது. அவள் போகிற இடமோ தூரம். தூரத்துக்கு ‘அவே’ என்று படித்திருந்தேன். சரி, அதைச் சேர்த்தால் நிறைவாக இருக்கும் என்று, “யெஸ், கோ அவே” என்றேன்.

“கோ அவே?” என்று கேட்டாள்.

“யெஸ், யெஸ். கோ அவே. ஐ ஆம் ஹேப்பி” என்றேன், பல்லெல்லாம் தெரிய.

அவள் உள்ளே போய்விட்டாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். சென்னையில் வேலை பார்க்கிற அவள் அண்ணன் வந்தான், திருச்சி ஏர்போர்ட் வரை நாங்களும் போனோம். முறுக்கும் கடலை உருண்டையும் ஒரு பை நிறையக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனவள் திரும்பிப் பார்ப்பாள் என்று உன் அப்பா கையைத் தூக்கியபடியே நின்றார். அவள் திரும்பவில்லை. அம்மாவைப் பார்க்கிற அவசரம் என்று அதற்கும் நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

உன் போன் வந்த பிறகுதான், மொழிபெயர்க்கிற ஆப்பில் அந்த இரண்டு சொல்லையும் போட்டுப் பார்த்தேன். ‘தொலைந்து போ’ என்று வந்தது. எழுத்துக்கூட்டி இன்னொரு முறை போட்டேன். அதுவேதான் வந்தது. சிரித்த முகத்தோடு, சந்தோஷமாக இருக்கிறது என்று வேறு சேர்த்து, வயிற்றுப்பிள்ளைக்காரியைத் தொலைந்து போ என்று சொல்லியிருக்கிறேன். உன் அப்பாவிடம் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீ இங்கிலீஷே படிக்காம இருந்திருந்தா அது இங்கனயே இருந்திருக்கும்” என்றார். அன்றைக்கு அவருக்குக் காப்பி கிடையாது.

உடனே அவளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. டவர் இல்லையோ, மனம் இல்லையோ. மெசேஜ் எழுத உட்கார்ந்தேன். ‘டோன்ட் கோ அவே’ என்று ஆரம்பித்ததும் உன் அப்பா எட்டிப் பார்த்து, “மறுபடியும் அதையேவா?” என்றார். அழித்தேன். எழுதினேன், அழித்தேன். கடைசியில் அந்த வாத்தியாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மைக்கை அழுத்தித் தமிழிலேயே பேசினேன். “ரினி, அத்த பேசுறேன். நான் ஒன்னயத் தொரத்தலத்தா. போயிட்டு வான்னுதான் சொல்ல வந்தேன். ‘வா’ங்குறத விட்டுட்டேன். புத்தி இல்லாம விட்டுட்டேன். நீ வா. எப்பத் தோணுதோ அப்ப வா. ஒனக்குப் புரியலன்னாலும் சரி, யார்ட்டயாவது கேளு. வா ஆத்தா.” நடுவில் அழுகை வந்துவிட்டது. அதை மறுபடி பதிவு செய்யாமல் அப்படியே அனுப்பினேன். கேட்டுவிட்டாள் என்பதற்கு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

தம்பி, உனக்கு நான் சொல்ல வந்தது இதுதான். உன் பொண்டாட்டி அழுதால் அவளுக்காகக் கோபப்படு, தப்பே இல்லை. கோபப்படாவிட்டால்தான் நான் திட்டுவேன். ஆனால் போனை வைப்பதற்கு முன் “எதுக்கும்மா அப்படிச் சொன்ன?” என்று ஒரு கேள்வி கேள். அவளிடமும் கேள். இன்னொன்று. இனிமேல் நீ எங்களுக்கு நடுவில் நின்று நல்லதை மட்டும் பொறுக்கிச் சொல்லாதே. ரசத்துக்காக நான் முணுமுணுத்தேன் என்றால் முணுமுணுத்தேன் என்றே சொல். அவளும் என் சமையலை ஏதாவது சொல்லியிருப்பாள், அதையும் என்னிடம் சொல். உரசாமல் யாரும் உறவாக மாட்டார்கள். அவள் பாஷையை நீ இத்தனை நாளில் எவ்வளவு கற்றுக்கொண்டாய்? சாப்பாடு, தண்ணீர், ஐ லவ் யூ, அவ்வளவுதானே? நாளைக்குப் பிள்ளையை அவள் அந்தப் பாஷையில்தான் கொஞ்சுவாள். உன் வீட்டிலேயே நீ முழித்துக்கொண்டு நிற்காதே. தப்புத் தப்பாகவாவது பேசு. என்னைப் போல் மானம் போனாலும் பரவாயில்லை, வாயை மூடிக்கொண்டு இருப்பதைவிட அது மேல்.

இதுவரை எழுதிவிட்டு, கடலை பறிக்க ஆள் வந்ததால் அப்படியே வைத்துவிட்டுப் போனேன். இப்போது கையில் மண்ணோடு வந்து உட்கார்ந்திருக்கிறேன். வயலில் நிற்கும்போது போன் அடித்தது. மெசேஜ். ரினியிடமிருந்து.

முதலில் ஒரு குரல் பதிவு. அவள் தமிழ், எங்கே நிறுத்துவது என்று தெரியாத தமிழ். “அத்தே… நா கேட்டேன். அண்ணன் சொன்னான், வா, வா, அத்தே அழுதா. நானும் அழுதே. சாரி.” அதற்குக் கீழே இங்கிலீஷில் ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘ஆஃப்டர் பேபி, கமிங் ஹோம்.’

வரப்பில் உட்கார்ந்து அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒருமுறை சூடுபட்டவள் இல்லையா, பொடிச் சொல் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தேன். ஒன்று குறைந்தது. ஆலங்குடிக்கு என்றால் ‘டு ஆலங்குடி’, கடைக்கு என்றால் ‘டு ஷாப்’. இதில் ‘டு’வைக் காணோம். படித்த பெண், அவசரத்தில் விட்டுவிட்டாள் போல, திருத்திச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன், என் திமிரைப் பார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று வாத்தியாரின் பழைய பாடத்தைத் தேடிப் பிடித்துப் போட்டேன். எல்லா இடத்துக்கும் ‘டு’ வேண்டுமாம், ‘ஹோம்’ என்று வந்தால் வேண்டாமாம். நடுவில் எதுவும் வராதாம். யோசித்தால் நம்மிடமும் அது இருக்கிறது. வீடு வந்து சேர்ந்தோம் என்கிறோம்.

ஆனாலும் ஒரு சந்தேகம். அவள் எந்த வீட்டைச் சொல்கிறாள்? அவள் இப்போது இருப்பதும் அவள் வீடுதானே? உன் வீடாகவும் இருக்கலாமே? அதற்கும் வாத்தியாரிடம் பதில் இருந்தது. பேசுகிறவரோ கேட்கிறவரோ இருக்கிற இடத்துக்கு வருவதென்றால்தான் ‘கம்’, வேறு எங்கே போவதென்றாலும் ‘கோ’. உன்னிடம் வருவதை உன்னிடம் சொன்னால் அது ‘கமிங்’. என்னிடம் சொன்னால் ‘கோயிங்’ என்றுதான் வர வேண்டும். என்னிடம் ‘கமிங்’ என்றிருக்கிறாள். அவள் அம்மா வீட்டில், அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என் கடலை வயலையும், கரண்ட் போய்ப் போய் வருகிற என் வீட்டையும், ரசத்துக்கு முணுமுணுக்கிற என்னையும் சேர்த்து ஹோம் என்று எழுதியிருக்கிறாள் தம்பி. நான் சரியாகத்தான் படித்தேனா? இலக்கணத்தில் தப்பு இருந்தால் மட்டும் கூப்பிட்டுச் சொல். இல்லையென்றால் கூப்பிட வேண்டாம், அந்த நேரத்தில் அவளிடம் பேசு.

உன் அம்மா